கம்பு கீழே விழுந்த பிறகு

2024 மாட்டுப் பொங்கல் சாயங்காலம், எங்கள் தெருவில் அத்தனை பேருக்கு முன்னால் என் கையைவிட்டுக் கம்பு விழுந்தது. கோலப் போட்டிக்குப் பரிசு கொடுத்து முடித்திருந்தார்கள். உறியடி தொடங்குவதற்கு முன்னால் சிலம்பத்துக்கென்று 20 நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். வாத்தியார் 11 பிள்ளைகளையும் என்னையும் கூட்டி வந்திருந்தார். பிள்ளைகளில் பெரியவனுக்கு வயது 16. எனக்கு 43. முதுகுக்குப் பின்னால் வலக்கையிலிருந்து இடக்கைக்குக் கம்பை மாற்ற வேண்டிய இடம். இடக்கை விரல்கள் மூடுவதற்குள் கம்பு போய்விட்டது. தார் ரோட்டில் டொக்கென்று விழுந்து, உருண்டு, முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியின் காலடியில் போய் நின்றது. ஓடிப்போய்க் குனிந்து எடுத்தேன். "மன்னிச்சுக்கங்க பாட்டி, மன்னிச்சுக்கங்க" என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன். எடுத்த கம்போடு வட்டத்துக்குள் திரும்பிப் போகவில்லை. ஓரமாக நடந்து வீட்டுக்குள் போய்விட்டேன். பின்னாலிருந்து கைதட்டல் கேட்டது. இரக்கப்பட்டுத் தட்டுகிறார்கள் என்று தோன்றியது, அது இன்னும் வலித்தது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. யாருக்கும் அடிபடவில்லை, மறுநாள் தெருவில் யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. ஆனாலும் கண்ணை மூடினால் அந்தக் கம்பு உருளுகிற சத்தம்தான். ஐந்து வாரம் மைதானத்துப் பக்கமே போகவில்லை. ஆபீசில் வருடக் கணக்கு முடிக்கத் தயாராகிற நேரம், வேலை அதிகம் என்று வீட்டில் சொல்லிவைத்தேன். வேலை அதிகம் என்பது உண்மைதான். நான் போகாததற்குக் காரணம் அது இல்லை. அதே ஜனவரியில்தான் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகள் சென்னை, மதுரை, திருச்சி, கோவை என்று நான்கு ஊர்களில் நடந்தன. சிலம்பத்தைச் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்த்திருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் எல்லாரும் அந்தச் சந்தோஷத்தில் இருந்தார்கள், வாட்ஸ்அப் குழுவில் வீடியோவாக வந்து குவிந்தது. நான் ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

இத்தனை நாள் கழித்து இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கம்பு விழுந்தது இல்லை. ஐந்து வாரம் கழித்து வாத்தியார் சொன்ன ஒரு வார்த்தை. அதை முதலில் ஆறுதல் என்று நினைத்தேன், பிறகு கண்டிப்பு என்று நினைத்தேன். இப்போது இரண்டும் இல்லை என்று நினைக்கிறேன். அதற்குப் போவதற்கு முன்னால் நான் எப்படி அந்த மைதானத்துக்குப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

சத்தம் கேட்டுப் போனது

2022 ஜூன் மாதம். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்குப் பக்கத்தில் மாநகராட்சி மைதானம். காலை ஐந்தரைக்குப் போனால் ஒரு மூலையில் வேப்பமரத்தடியில் பிள்ளைகள் சிலம்பம் சுற்றிக்கொண்டிருப்பார்கள். நான் மைதானத்தைச் சுற்றி வரும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை அந்த மூலையைக் கடக்க வேண்டும். முதலில் என்னைப் பிடித்தது காட்சி இல்லை, சத்தம். கம்பு சரியாகச் சுற்றும்போது காற்றில் ஒரு 'விர்ர்' எழும். பத்துப் பேர் சேர்ந்து சுற்றினால் பெரிய வண்டுக்கூட்டம் வந்தது போல இருக்கும். சிலம்புதல் என்றாலே ஒலித்தல்தான். சிலம்பு என்ற சொல்லுக்கு மலை என்றும் பொருள் உண்டு, எதிரொலிக்கிற இடம் என்பதால் இருக்கலாம். இந்தக் கலைக்கு அந்தப் பெயர் வந்ததற்குப் பலர் பல விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு அந்த மூலையைக் கடக்கும்போது காதில் விழுந்ததே போதுமான விளக்கமாக இருந்தது. மூன்று மாதம் சுற்றி நடந்த பிறகு ஒரு நாள் நின்று, "பெரியவங்களுக்கும் சொல்லித் தருவீங்களா ஐயா?" என்று கேட்டேன். வாத்தியார் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அப்போதே 65 தாண்டியிருந்தார். என் காலைப் பார்த்தார். "செருப்பைக் கழட்டிட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான் சேர்க்கை.

முதல் இரண்டு மாதம் கம்பையே தொடவிடவில்லை. காலடி மட்டும்தான். முன்னால் ஒரு எட்டு, பக்கவாட்டில் ஒரு எட்டு, திரும்பி ஒரு எட்டு, நான்கு மூலையையும் மிதித்து வந்து தொடங்கிய இடத்தில் நிற்க வேண்டும். வீடு கட்டுதல் என்று இதைச் சொல்வார்கள். 'வீடு கட்டி அடிக்கிறான்' என்று நாம் பேச்சில் சொல்கிறோமே, அது இங்கிருந்து போனதுதான் என்பார் வாத்தியார். அப்புறம் ஒரு நாள் வெறுங்காலோடு நிற்கவைத்து, நெற்றிவரை அளந்து, ஒரு மூங்கில் கம்பு கொடுத்தார். உள்ளே பொந்தில்லாத கல்மூங்கில். கணுக்களைச் சீவி, தீயில் வாட்டி நிமிர்த்தி, எண்ணெய் தடவி வைத்திருந்தார். அடுத்த ஆறு மாதத்தில் அந்தக் கம்பு என் உடம்பில் படாத இடம் இல்லை. முட்டி, கணுக்கால், காது மடல், ஒரு தடவை புருவம். ஆபீசில் கேட்பார்கள், கதவில் இடித்துக்கொண்டேன் என்பேன்.

பிள்ளைகளுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்களில் பாதிப் பேருக்குப் பெற்றோர் மனதில் ஒரு கணக்கு இருந்தது. விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத வேலைவாய்ப்பு ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் தமிழக அரசு சேர்த்த பிறகு, வகுப்புக்கு வருகிறவர்கள் அதிகமானார்கள். "சர்ட்டிபிகேட் எப்பக் கிடைக்கும்?" என்று வாத்தியாரிடம் கேட்கிற அப்பாக்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்களைத் தப்பாகச் சொல்ல மாட்டேன், பிள்ளைக்கு ஒரு வேலை கிடைக்குமென்றால் எந்தப் பெற்றோரும் கேட்கத்தான் செய்வார்கள். எனக்குத்தான் சேர வேண்டிய இடம் என்று எதுவும் இல்லை. போட்டிக்குப் போகிற வயது இல்லை. எங்கள் வாத்தியாரிடம் பெல்ட்டும் கிடையாது. என் மகள் கராத்தே கற்றுக்கொள்கிறாள், அவள் மஞ்சளில் இருக்கிறாள், அடுத்தது ஆரஞ்சு என்று அவளுக்குத் தெரியும். இந்தப் படிநிலை முறையே ஜப்பானில் ஜூடோவிலிருந்து வந்தது. 1882இல் கொடோகன் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கிய கானோ ஜிகோரோ ஏற்படுத்தியதை, 1920களில் கராத்தேக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். நல்ல யோசனைதான். எங்கே நிற்கிறோம் என்று இடுப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரே வழிதான் இருந்தது, கம்பு எத்தனை தடவை விழுகிறது என்று எண்ணுவது. கணக்கு எழுதுகிற வேலை பார்க்கிறவள், எண்ணாமல் இருக்க முடியாது. ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதினேன். 2022 டிசம்பரில் ஒரு காலைக்கு 40க்குக் குறையாது. ஒரு வருடம் கழித்து 15, 16. அந்த எண் பூஜ்யம் ஆகும் நாளில் எனக்குச் சிலம்பம் வந்துவிட்டது என்று அர்த்தம், அப்படித்தான் மனதுக்குள் வைத்திருந்தேன்.

அடித்தல் திருத்தல் இல்லாமல்

என் அப்பாவுக்கு நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது. ஒரு எழுத்தை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதியிருந்தால், அந்தத் தாளையே கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதச் சொல்வார். கோபமாகச் சொல்ல மாட்டார், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பொறுமையாகத்தான் சொல்வார். அவர் பத்திர எழுத்தரிடம் உதவியாளராக இருந்தவர். பத்திரத்தில் ஒரு சர்வே எண் தப்பாக விழுந்தால் ஒரு குடும்பம் பத்து வருடம் கோர்ட்டுக்கு அலையும் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய பயம் நியாயமான பயம். அது எனக்கு அப்படியே வந்துவிட்டது. ஏழாம் வகுப்பில் கடைசி வரியில் தப்பு விட்டதற்காக ஒரு கட்டுரையை நான்கு தடவை எழுதினேன். நான்காவது தடவை எழுதும்போது கை நடுங்கியது, நடுங்கியதால் தப்பு வந்தது. அந்த நடுக்கத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அப்புறம் பார்க்கிற வேலையும் அப்படியே அமைந்தது. எங்கள் தொழிலில் இரண்டு பக்கமும் டேலி ஆக வேண்டும். 9 ரூபாய் இடித்தால் 9 ரூபாயைத் தேடி ராத்திரி எட்டு மணிவரை உட்கார்ந்திருப்போம், ஏனென்றால் அந்த 9 ரூபாய்க்குப் பின்னால் 90,000 வரவும் 89,991 செலவும் ஒளிந்திருக்கலாம். தப்பு என்றால் கண்டுபிடித்து எடுத்துவிட வேண்டிய ஒன்று, அது இருக்கும்வரை வேலை முடியவில்லை. இந்த ஒழுக்கத்தை நான் மதிக்கிறேன், இதனால்தான் 20 வருடமாக என் வேலையில் எனக்கு நல்ல பெயர். ஆனால் இதையே அப்படியே தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போயிருக்கிறேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. பொங்கலன்று கம்பு விழுந்ததும் நான் செய்தது என்ன? தாளைக் கிழித்துவிட்டு எழுந்து போனேன்.

காய்கறிக் கடையில்

பிப்ரவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உழவர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வாத்தியார். கையில் மஞ்சப்பை. ஒளிந்துகொள்ள இடமில்லை. ஐந்து வாரத்தில் அவர் ஒரு தடவைகூட போன் செய்யவில்லை, அதனால் எனக்கு அவர் மேல் கொஞ்சம் வருத்தமும் இருந்தது. "வணக்கம் ஐயா, ஆபீஸ்ல கொஞ்சம் வேலை..." என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கம்பு விழுந்ததுக்கா வரல?"

நான் பதில் சொல்லவில்லை.

"கம்பு விழுந்தது தப்பே இல்ல தாயி. குனிஞ்சீங்க பாருங்க, அதுதான் தப்பு."

எனக்குப் புரியவில்லை. விழுந்ததைக் குனியாமல் எப்படி எடுப்பது? அவர் தக்காளி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றபடியே, சந்தை இரைச்சலுக்கு நடுவில், சொன்னார். "எதிர்ல ஒருத்தன் கம்போட நிக்கிறான்னு வைங்க. நீங்க தலையைக் குனிஞ்சா அவன் சும்மா இருப்பானா? அந்தக் காலத்துல கை விட்டுப் போன கம்பை எடுக்கத் தெரியலேன்னா ஆட்டம் முடிஞ்சது. எடுக்குறதும் ஒரு அடவுதான்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, குரலை இறக்கி, இதையும் சொன்னார்: "அதை நான் உங்களுக்குச் சொல்லித் தரல. அது என் தப்பு. நாளைக்கு வாங்க."

கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். என் 43 வருடத்தில், எனக்குச் சொல்லித் தருகிற இடத்தில் இருந்த ஒருவர் 'அது என் தப்பு' என்று என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன விதமும் சாதாரணமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கவில்லை, முகம் சுருங்கவில்லை. பாடத்தில் ஒரு இடம் விட்டுப்போயிருக்கிறது, நாளைக்குச் சேர்த்துக்கொள்ளலாம். அவருக்கு அது அவ்வளவுதான். பாதி கிலோ தக்காளி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் போனேன். வழக்கமான வீச்சு எதுவும் இல்லை. "கம்பைக் கீழ போடுங்க" என்றார். போட்டேன். "எடுங்க." குனிந்தேன். "ம்ஹூம். முதல்ல ஒரு எட்டு பின்னால. கண்ணு எதிராளி தோள்ல இருக்கணும். முட்டியை மடக்குங்க, முதுகு மடங்கக் கூடாது. கை தானாத் தேடட்டும்." இது ஒரு விதம். இன்னொன்று காலால் எடுப்பது. கம்பின் நடுவில் உள்ளங்காலை வைத்து நம் பக்கமாக இழுத்தால் கம்பு உருண்டு வரும். உருண்டு வருகிற அந்த நொடியில் கால்விரல்களை அதன் அடியில் நுழைத்து மேலே எத்தினால் இடுப்பு உயரத்துக்கு எழும்பும், அங்கே கை இருக்க வேண்டும். பார்க்க ஒன்றுமில்லை போலிருக்கும். எனக்கு அது வருவதற்கு 17 நாள் ஆயின. கட்டைவிரல் நகம் கருத்துப்போனது. தினமும் 50 தடவை வேண்டுமென்றே கம்பைக் கீழே போட வேண்டும், 50 தடவை எடுக்க வேண்டும். ஒரு மாதம் முழுக்க இதுதான் பயிற்சி. பிள்ளைகள் வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

முதல் வாரம் எனக்குக் கம்பைக் கீழே போடவே வரவில்லை. இதை எப்படிச் சொன்னால் புரியும் என்று தெரியவில்லை. விரலைத் திறந்தால் விழப்போகிறது, ஆனால் விரல் திறக்காது. சுற்றிக்கொண்டே வந்து நடுவில் விட வேண்டும் என்பார் வாத்தியார். நான் சுற்றை நிறுத்தி, குனிந்து, மெதுவாகக் கீழே வைப்பேன். "வைக்காதீங்க. விடுங்க" என்பார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கண்ணீர் வந்துவிட்டது. மரத்துக்குப் பின்னால் போய்த் துடைத்துக்கொண்டு வந்தேன். வாத்தியார் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, கம்பை எடுத்துக் கையில் கொடுத்தார்.

இறுக்கிப் பிடித்தது

இதற்கு முன்னால் 2023இல் வலது முழங்கையின் வெளிப்பக்கம் ஒரு வலி வந்து, இரண்டு மாதம் பிசியோதெரபிக்குப் போயிருந்தேன். அந்தப் பெண் என் முன்கையைத் தொட்டுக் காட்டிச் சொன்னது அப்போது காதோடு போய்விட்டது. விரல்களை அசைக்கிற பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. பழக்கமில்லாத ஒரு வேலையைச் செய்யும்போது, அதுவும் பயந்துகொண்டு செய்யும்போது, மடக்குகிற தசையும் நீட்டுகிற தசையும் ஒரே நேரத்தில் இறுகிக்கொள்கின்றன. ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும்போது பலம் வீணாகிறது, மணிக்கட்டு கட்டையாகிறது. "நீங்க எதையோ ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறீங்க அக்கா" என்றாள். கம்பைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன், கம்பைத்தான் சொன்னாள்.

சிலம்பத்தில் கம்பை முழுக் கையாலும் பிடிப்பதில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அது புரள வேண்டும், மற்ற மூன்று விரல்களும் திறந்து திறந்து மூட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நொடி கம்பு கையில் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத நிலையில் இருக்கும். அந்த நொடியை நான் வெறுத்தேன். அதை எப்படியாவது ஒழித்துவிட வேண்டும் என்றுதான் ஒன்றரை வருடம் சுற்றியிருக்கிறேன். விழக் கூடாது என்று இறுக்கினேன், இறுக்கியதால் மணிக்கட்டு திரும்பவில்லை, திரும்பாத மணிக்கட்டிலிருந்து கம்பு பிய்த்துக்கொண்டு போனது. நோட்டில் இருந்த எண்களில் பாதிக்கு இதுதான் காரணம். வாத்தியார் முதுகைக் காட்டி நின்றுகொண்டே "யாரு அது இறுக்கிப் புடிக்கிறது?" என்பார். சத்தத்திலேயே தெரிந்துவிடும் அவருக்கு. இறுக்கிய கம்பு 'விர்ர்' என்று பாடாது, 'வுப் வுப்' என்று மூச்சு வாங்கும். எத்தனையோ நாள் அவர் கேட்டது என்னைப் பற்றித்தான், எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

விடாமுயற்சி என்ற சொல் எங்கள் பள்ளிச் சுவரில் நீல எழுத்தில் எழுதியிருக்கும். விடாதே, பிடித்துக்கொள் என்றே அதைப் புரிந்துகொண்டு வளர்ந்தேன். அந்த மார்ச் மாதக் காலைகளில், "விடுங்க, விடுங்க" என்று ஒரு வயசான மனிதர் என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தபோது, அந்தச் சொல்லை எடுத்துப் பிரித்துப் பார்க்கத் தோன்றியது. எதை விடாமல்? கம்பையா, மைதானத்துக்கு வருவதையா? நான் கம்பை விடக் கூடாது என்பதில் அவ்வளவு குறியாக இருந்துவிட்டு, மைதானத்தை ஐந்து வாரம் லேசாக விட்டுவிட்டேன். விழாமல் சுற்ற முடியாவிட்டால் சுற்றவே வேண்டாம் என்று எனக்குள் ஒருத்தி முடிவு செய்திருக்கிறாள், என்னைக் கேட்காமலே.

அந்த ஒரு மாதத்தில் ஏதோ மாறியது. எந்த நாளில் என்று சொல்ல முடியாது. கம்பு கீழே விழுகிற சத்தத்துக்கு உடம்பு பதறுவது நின்றது. 50 தடவை, 30 நாள் கேட்டால் எந்தச் சத்தமும் பழகிவிடும் போலிருக்கிறது. ஏப்ரலில் மறுபடி வீச்சுக்குப் போனபோது விரல்கள் கொஞ்சம் திறந்திருந்தன. நோட்டில் எண் இறங்கியது. 10, 9, சில நாள் 6. இதைப் படிக்கிறவர்கள் அப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சரியாகவில்லை. இடக்கை இன்னும் பிந்துகிறது. முதுகுக்குப் பின்னால் மாற்றும் இடத்தில் ஐந்தில் ஒரு தடவை தட்டிப்போகிறது. இரட்டைக் கம்பை வாத்தியார் எனக்குத் தொடங்கவே இல்லை. ஒரு நாள் நேராகவே கேட்டேன், இந்த இடக்கை எனக்கு என்றைக்காவது வருமா ஐயா என்று. "சின்ன வயசுல வந்திருந்தா வந்திருக்கும். இப்ப வர்ற அளவுக்கு வரும்" என்றார். முயன்றால் முடியாதது இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அவர் சொல்லாததற்காக நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். வராது என்று தெரிந்துகொண்டே ஒரு கையைத் தினமும் காலையில் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவது எப்படியிருக்கும் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது. கொஞ்ச நாள் கனமாக இருந்தது. அப்புறம் அந்தக் கையிடம் நான் எதையும் கேட்காமல் இருக்கப் பழகினேன். அது வருகிறது, சுற்றுகிறது, சில நேரம் விடுகிறது.

ஆபீசில் மட்டும் நான் மாறவில்லை. 9 ரூபாய்க்கு இன்னும் எட்டு மணிவரை உட்காருகிறேன், அது அப்படித்தான் இருக்க வேண்டும். என் மகள் நோட்டில்தான் ஒரு வித்தியாசம். அவள் ஒரு சொல்லை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். தாளின் ஓரத்தில் என் விரல் போய் நின்றது. பிறகு எடுத்துக்கொண்டேன். "மேல எழுது" என்றேன்.

இந்த இடத்தில் எங்கள் வகுப்பில் இருக்கிற ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சேர்ந்து எட்டு மாதம் கழித்து வந்தாள், அப்போது பத்து வயது. அவளுக்கு எதுவும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை. அவள் கம்பு சுற்றும்போது கையில் கம்பு இருப்பதே தெரியாது, அவளைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் தெரியும். என்னைத் தாண்டிப் போக அவளுக்கு நாலு மாதம்தான் ஆனது. அவளைப் பார்க்கும்போது முதலில் நெஞ்சில் சின்னதாக ஒன்று குத்தும், மறைக்க விரும்பவில்லை. பிறகு பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும்.

2025 மாட்டுப் பொங்கலுக்கும் அதே தெருவில் ஆடினோம். எனக்கு அன்று கம்பு விழவில்லை. ஒரு வருடமாகப் பழகியதைக் காட்ட வாய்ப்பே வரவில்லை, அதில் எனக்கு ஒரு சின்ன ஏமாற்றம்கூட இருந்தது. விழுந்தது அவளுக்கு. இரட்டைக் கம்பில், ஒன்றோடொன்று இடித்து, ஒன்று எகிறிப் போய்விட்டது. அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையில் மிச்சமிருந்த கம்போடு அப்படியே நின்றாள். பிறகு ஓடிப்போய்க் குனிந்து எடுத்தாள். காது சிவந்திருந்தது. எடுத்ததும் அவள் கண் கூட்டத்தைப் பார்க்கவில்லை, வெளியே போகிற வழியைப் பார்த்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வாத்தியார் அவள் தோளில் கைவைத்து நிறுத்தி, மிச்சத்தை ஆடவைத்துவிட்டார்.

மறுநாள் காலை மைதானத்தில் அவள் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் என்னைக் கூப்பிட்டார். "அந்தப் புள்ளைக்குக் கம்பு விழுந்ததே இல்ல. அதனால எடுக்கச் சொல்லித் தரணும்னு எனக்கும் தோணல. நீங்க சொல்லிக் குடுங்க தாயி."

"நானா?"

"உங்களுக்குத்தான அது நல்லா வரும்."

வேப்பமரத்தடிக்கு அவளைக் கூட்டிப்போனேன். "கம்பைக் கீழ போடும்மா" என்றேன். அவள் குனிந்து மெதுவாக வைத்தாள். "வைக்காத. சுத்திக்கிட்டே விடு." என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் என் கம்பைச் சுற்றி நடுவில் விட்டேன், மண்ணில் விழுந்து உருண்டது. ஒரு எட்டு பின்னால் வைத்து, அவள் தோளைப் பார்த்தபடி, உள்ளங்காலால் இழுத்து எத்தினேன். கைக்கு வந்தது. அவள் முகம் மாறியது. செய்து பார்த்தாள். முதல் தடவை கம்பு உருண்டு போய்விட்டது. இரண்டாவது தடவை கால்விரலில் இடித்துக்கொண்டாள். மூன்றாவது தடவை கம்பு எழும்பி நேராக அவள் கைக்குள் போய் உட்கார்ந்தது. எனக்கு 17 நாள் பிடித்தது.

"ஆன்ட்டி, இன்னொரு தடவை கீழ போடவா?" என்று கேட்டுக்கொண்டே போட்டுவிட்டாள்.